புள்ளிக்குப் பின்னால் படகு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவள் நான். எங்கள் கிரேக்கத் தீவின் துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் விற்கிறேன். மனு, புகார், விண்ணப்பம் எதுவானாலும் ஊரார் என்னிடம்தான் எழுதிக்கொள்வார்கள். தேதியிட்டு, நகலெடுத்து, கோப்பில் வைப்பேன். அந்த ஒழுங்கோடு தொடங்குகிறேன்.

"இணையத்தில் ‘.காம்’ முகவரிகளுக்கு இடநெருக்கடி ஏற்பட்டுவிட்டபடியால்..." (அடித்துவிட்டேன். சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது.)

"கடல் அன்று வெள்ளித் தகடாய்..." (இதையும். கடல் அன்று கடலாகத்தான் இருந்தது.)

2

விஷயம் இதுதான். இணைய முகவரியின் வாலில் ‘.காம்’ இருப்பதுபோல இனி ‘.படகு’* என்றும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நிறுவனம் அறிவித்தது. முதல் முப்பது நாள் வணிகச்சின்னம் வைத்திருப்பவர்களுக்கு. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி முதல், முந்துகிறவருக்கு. ஒரு பெயர் ஒருவருக்குத்தான்.

(* உண்மையில் ஆங்கிலத்தில் இருந்தது. கதை படிக்கிறவர்களுக்கு எதற்கு அந்தக் கஷ்டம்?)

எங்கள் ஊரில் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர். ஆகவே அண்ணன் தம்பி மக்களான இரண்டு பங்காளிகளுக்கும் ஒரே பெயர்: சிதேரிஸ் காஸ்த்ரினோஸ். இருவருமே வெளியூர்க்காரர்களைப் படகில் கடற்குகைக்கு அழைத்துப் போகிறவர்கள். ஊர் ஒருவனை மத்தி என்றும் மற்றவனை ஆமை என்றும் சொல்லும், முகத்துக்கு நேராக அல்ல.

முதலில் மத்தி வந்தான்.

"கும்பாரா, அந்தப் படகு முகவரி என் பேர்ல வேணும். அவன்கிட்ட மூச்சு விடாத."

"அவன் பேரும் அதானே?"

"அவன் பேர் ஆமை. ஊரைக் கேளு."

ஒரு மணி நேரம் கழித்து ஆமை.

"என் பேரைத் தட்டுனா அவன் படகு வருது, கும்பாரா. போன வாரம் என்கிட்ட பேசி வச்ச குடும்பம் அவன் படகுல ஏறிப் போயிடுச்சு. இன்னொரு கோடை இப்படிப் போனா படகை வித்துற வேண்டியதுதான்."

இருவரின் மகள்களுக்கும் ஞானத்தாய் நான். ‘கும்பாரா’ என்பது அந்த உறவு. அதில் ஒரு பக்கம் சாய்ந்தால் ஈஸ்டர் விருந்துக்கு ஒரு வீடு குறையும்.

3

செவ்வாய் மாலை ஏழு மணிக்கு மின்சாரம் போய்விட்டது.

3 (திருத்தியது)

போகவில்லை. அது நான் அவர்களிடம் சொன்னது. இரண்டு விண்ணப்பங்களும் நிரம்பித் திரையில் காத்திருந்தன. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். [இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவள் ஒரு பொத்தானை அழுத்த மாட்டாளா?] ஏழு பதினொன்றுக்குக் கண்ணை மூடி ஏதோ ஒன்றை அழுத்தினேன். யாருடையதை என்று இன்றும் தெரியாது. ‘இந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது’ என்றது திரை.

4

அவர்கள் தாத்தாவுக்கு மூன்று மகன்கள் என்பதை எல்லோருமே மறந்திருந்தோம். மூன்றாமவர் மெல்போர்ன் போனவர். அவர் மகன் பல் வைத்தியர். பெயரையும் நான் எழுத வேண்டுமா?

அவரிடம் படகே கிடையாது. முகவரியைத் திறந்தால் அவர் மனைவி துடுப்பைப் பிடித்துச் சிரிக்கும் படம், கீழே பல் வெளுக்கும் நேரங்கள்.

பேச்சை நிறுத்திய ஆறு வருஷத்தில் முதன்முறையாகப் பங்காளிகள் சேர்ந்து என் கடைக்குள் நுழைந்தார்கள்.

"பல்லு புடுங்கறவனுக்குப் படகு எதுக்கு?" என்றான் மத்தி.

"வாய் கொப்பளிக்கிற தண்ணியில விடுவான்," என்றான் ஆமை. "கும்பாரா, ஒரு கடுதாசி போடு. மரியாதையா இருக்கணும், ஆனா படிச்சா வயிறு கலங்கணும்."

போட்டேன். பதில் வந்தது: "பெயரைத் தருகிறேன், ஒருவருக்கு மட்டும். யாருக்கு என்று நீங்களே எழுதுங்கள். நடுநிலையானவர் நீங்கள்தான் என்று இருவரும் தனித்தனியே, சொந்தக் கையால் எனக்கு எழுதியிருக்கிறார்கள்."

5

முடிவு அ: இருவருக்கும் பொதுவாக ஒரே பக்கம். (யார் படகு மேலே? அங்கேயே வெட்டுக்குத்து.)

முடிவு ஆ: ஆமைக்கு. அவன் படகு தப்பிக்கும். மத்தியின் மகள் ஈஸ்டருக்கு ஞானத்தாய் முறையில் நான் தரும் மெழுகுவத்தியை வாங்க வரமாட்டாள். அவளுக்கு ஏழு வயது. நான் பின்னிய தொப்பியைத்தான்

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

முடிவு இ: மத்திக்கு. அவன் ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். ஆனால் ஆமை படகை விற்றுவிட்டு எதிரே வந்தால் நான் எந்தப் பக்கம் பார்ப்பது?

இதை எழுதும்போது இருவரும் வாசலில், முதுகுக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள்.

"எழுதிட்டியா, கும்பாரா?"

"எழுதிக்கிட்டே இருக்கேன்."

வாசகரே, உங்களுக்கு இந்தத் தீவில் ஞானமகள் யாரும் இல்லை. பேனாவை நீங்களே பிடியுங்கள். தேதியும் விலாசமும் போட்டுவிட்டேன்.

‘அன்புள்ள டாக்டர் சிதேரிஸ் காஸ்த்ரினோஸ் அவர்களுக்கு, நன்கு யோசித்துப் பார்த்ததில், பெயரை நீங்கள் தர வேண்டியது சிதேரிஸ் காஸ்த்ரினோஸுக்கே. அதாவது,