எஸ்கிலின் ரத்தத்தில் விழித்தது

ஆர்ஹூஸ் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன் எஸ்கில். அவனோடு ஒரே படுக்கையைப் பகிர்ந்து வாழ்ந்த ஃப்ளெமிங் எய்ட்ஸில் செத்து இருபது வருடத்துக்கு மேலாயிற்று. நல்ல மாத்திரைகள் வந்தது அதற்குப் பிறகுதான். ஃப்ளெமிங்கிடமிருந்து தொற்றிய வைரஸோடு எஸ்கில் அந்த மாத்திரைகளால் பிழைத்துக் கிடந்தான். ரத்தத்தில் எவ்வளவு தேடினாலும் அது அகப்படவில்லை.

"அது போகலை, தூங்குது," என்றார் புது மருந்து ஒன்றின் ஆய்வுக்கு அவனைச் சேர்த்துக்கொண்ட டாக்டர் மலேனே. "செல்லுக்குள்ள மரபணு, ஹிஸ்டோன்ங்கற உருளைல நூல் மாதிரி சுத்தியிருக்கு. ஹெச்டாக்னு ஒரு நொதி அந்தச் சுத்தலை இறுக்கிடும். இறுகின இடத்துல எழுதியிருக்கறதைச் செல்லால படிக்க முடியாது. வைரஸ் அங்கதான் ஒளிஞ்சிருக்கு."

"எழுப்பி?"

"நொதியோட கையைக் கட்டிப்போட்டா கட்டு தளரும். வைரஸ் வெளிய வரும். வந்தா உங்க உடம்பே அந்த செல்லைக் கொல்லும்னு நம்பறோம்."

"தூங்கறவனை எழுப்பி அடிக்கறதா? நல்ல மனுசங்கதான் நீங்க," என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. சாயங்காலம் வாயெல்லாம், அந்த ஊர்க் கடைகளில் விற்கும் கறுப்பு உப்பு அதிமதுர மிட்டாயின் கசப்பு. நாக்கு ருசி கெடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் எஸ்கிலுக்கு அந்த மிட்டாய் ஆகவே ஆகாது. பை பையாகத் தின்றவன் ஃப்ளெமிங்.

இரண்டு நாள் கழித்து மலேனே தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் குதூகலம்.

"முழிச்சிக்கிச்சு, எஸ்கில்! ரத்தத்துல தெரியுது."

"அது... அவனோடதா?"

"தூங்கறது மாறாது. அன்னைக்கு உள்ள போனது எப்படியோ, பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்."

அன்று மதியம் அவனைப் பார்த்துக்கொள்ள அக்கா இங்கெர் வந்து சூப் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவனுக்கு உடம்பு லேசாகக் கொதித்தது. ஜன்னலில் மழை. நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து யாரோ தன் பெயரைச் சொன்னதுபோல இருந்தது எஸ்கிலுக்கு. காதில் விழுந்த சத்தமில்லை அது.

"வரேன், இரு," என்றான்.

கரண்டியோடு இங்கெர் எட்டிப் பார்த்தாள். "யார்கிட்டடா பேசற?"

"உன்கிட்டதான்."

"நான் கூப்பிடவே இல்லையே!"

அவள் வெகுநேரம் அடுக்களைக்குத் திரும்பவில்லை. அறைக்குள் குளிர்கிறது என்று சொல்லி, ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தாள். அது சுட்டது.

மருந்து மூன்று தடவை ஏறியது. ஒவ்வொரு தடவையும் வைரஸ் வெளியே வந்தது. அந்தக் கசப்பும் கூடவே வந்தது. கடைசிப் பரிசோதனை முடிந்ததும் மலேனே நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் அருகில் உட்கார்ந்தார்.

"மன்னிக்கணும். எழுப்ப முடிஞ்சுது, கொல்ல முடியலை. முன்ன எவ்வளவு இருந்ததோ கிட்டத்தட்ட அவ்வளவும் உள்ளயே இருக்கு."

"இப்ப என்ன பண்ணுது?"

"மருந்து போனதும் நொதி வேலையைத் தொடங்கிடும். மறுபடி இறுகும். தூங்கிடும்."

எஸ்கில் தலையாட்டினான். அவர் கையைக் குலுக்கிவிட்டு வெளியே வந்தான்.

இங்கெர் காரில் காத்திருந்தாள். "என்னடா சொன்னாங்க?"

"போகலையாம். உள்ளயேதான் இருக்குதாம்."

சாவியைத் திருகப் போன அவள் கை நின்றது. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் நீர் இருந்தது. ஆனாலும் அது துக்கப்படுகிற முகமாக இல்லை. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. சட்டென்று வண்டியை எடுத்தாள்.