ஜெயித்தாலும் திட்டுகிற வீடு

இறந்துபோன அப்பா வெர்னுக்குக் கடைசியாகப் போட்டுவிட ஜோலீன் அவருடைய சிவப்புச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வாசல் கதவை மறுபடியும் யாரோ தட்டினார்கள். சர்ச் விட்ட கையோடு ஊரே ஆளுக்கொரு மூடி போட்ட பாத்திரத்துடன் வந்து போய்க்கொண்டிருந்தது. பீன்ஸ், உருளைக்கிழங்கு, சீஸ், அந்த சீஸுக்கு மேலே இன்னும் கொஞ்சம் சீஸ். வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள், "வெர்ன் மாதிரி மனுஷன் கெடைக்க மாட்டான்" என்றார்கள், கண்ணைத் துடைத்தார்கள். துடைத்து முடித்ததும், "நேத்து ஆட்டம் பார்த்தியா, என்ன கண்றாவி அது?" என்று ஆரம்பித்தார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? நெப்ராஸ்காவில் இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு அக்டோபர் ஞாயிறு என்றால் வேறு பேச்சு வராது. உள்ளூர் பிளாட் வேலி காலேஜின் அமெரிக்கன் ஃபுட்பால் டீமான நாரைகள் நேற்று ஜெயித்திருந்தார்கள். ஜெயித்தார்கள் என்று சொல்லவே நாக்கு கூசியது. எதிர்த்து ஆடியது புழுதிக் காட்டிலிருந்து வந்த ஒரு பொடிக் காலேஜ். அடித்துத் துவைத்து அனுப்பலாம் என்று தாங்களே கூப்பிட்ட டீம். அதனிடம் கடைசி வரைக்கும் பின்தங்கிக் கிடந்து, எதிராளி கையிலிருந்து பந்து தானாக நழுவி விழ, நம்மாள் ஒரு தடியன் தடுக்கி அதன்மேல் விழ, அது ஆறு பாயிண்ட் தரும் டச்டவுன் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கே தான் எங்கே விழுந்தோம் என்று தெரிந்திருக்காது.

"வெர்ன் அதைப் பார்த்தானா?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

"பார்த்தாரு. பார்த்துட்டுத்தான் போனாரு" என்று ஜோலீன் எல்லோரிடமும் சொன்னாள். அவள் நம்பித்தான் சொன்னாள். நேற்றிலிருந்து அவள் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த ஒன்றைத்தான்.

ஏனென்றால் அவள் பக்கத்தில் இல்லை. டிவிக்கு நேராகக் கட்டிலைப் போட்டு அப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் இரண்டாவது குவாட்டரில் அவர் உதட்டை நனைக்க ஐஸ் எடுக்க அவள் சமையலறைக்குப் போனாள். போன நேரம் பார்த்து நாரைகள் டச்டவுன் அடித்தார்கள். இந்த வீட்டின் சட்டம் ஊருக்கே தெரியும். நம்மாட்கள் பாயிண்ட் எடுக்கும்போது யார் எங்கே இருந்தார்களோ, ஆட்டம் முடியும்வரை அங்கேயேதான் இருக்க வேண்டும். அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டு மோதிரத்தோடு வந்தவன்கூட அன்று முக்கால்வாசி ஆட்டத்தைக் குளியலறையில் நின்றபடியே கேட்டிருக்கிறான். மூச்சு விடவே பாடாய்ப் படுகிற அப்பா, நேற்று எங்கிருந்தோ ஒரு குரலை எடுத்து, "ஜோலீன், அங்கயே நில்லு! அசையாத!" என்று கத்தினார்.

அவள் சிரித்துக்கொண்டே கதவோரம் நின்றாள். அங்கிருந்து கட்டிலின் தலைமாட்டுப் பலகையும், பக்கத்து நாற்காலியில் அம்மாவின் முதுகும் தெரிந்தன. ஐஸை அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனாள். அம்மாவுக்குச் சட்டம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து, "பைத்தியக்கார வீடு" என்று சொல்லிக்கொண்டே ஆட்டத்தின் நடுவில் துணி மடிக்கிற, ஜன்னல் துடைக்கிற ஒரே ஆள் அவள்தான். அப்பா தோல்விகளில் பாதியை அவள் கணக்கில்தான் எழுதுவார்.

ஆட்டம் முடிந்ததும் ஜோலீன் கூவிக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மா திரும்பாமல், "போயிட்டாரும்மா" என்றாள்.

இப்போது கதவைத் தட்டியது டெல்மர் நோவாக். அப்பாவும் அவரும் ஸ்டேடியத்தில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து கிழவர்களானவர்கள். முட்டி போன பிறகு இரண்டு பேரும் அவரவர் வீட்டிலேயே பார்த்தார்கள். ஆட்டம் முடிந்த நிமிஷம் போன் அடிக்கும். தோற்றால் கொஞ்ச நேரம், ஜெயித்தால் ரொம்ப நேரம் திட்டுவார்கள். ஒரு கையில் சில்லிக் கறிக்குழம்புப் பாத்திரமும், மறு கையில் இலவங்கப்பட்டை ரொட்டியுமாக நின்றவர், தொப்பியைக் கழற்றக் கை இல்லாமல் தவித்தார். ஜோலீன்தான் கழற்றிவிட்டாள்.

"போன் அடிச்சேன்மா நேத்து" என்றார் உட்கார்ந்ததும். "எடுக்கல. சரி, பய ரொம்பக் கடுப்புல இருக்கான், ஆறட்டும்னு விட்டுட்டேன். மறுபடி அடிச்சேன். அப்பவும் எடுக்கல. என்னடா இது, இந்த ஆட்டத்துக்குத் திட்டாம வேற எதுக்குத் திட்டப் போறேன்னு போன்ல குரல் பதியற மெஷின்ல கண்டபடி பேசி வச்சேன். அதைக் கேட்டுத் தொலைக்காதீங்க."

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"அந்தக் கடைசி டச்டவுனுக்கு என்ன சொன்னான்? அதை மட்டும் சொல்லு, நான் போயிடறேன்."

"சிரிச்சாரு" என்றாள் ஜோலீன். "சிரிச்சுட்டு..."

"அவரு பார்க்கல, டெல்மர்."

அம்மா மார்லிஸ் காலையிலிருந்து பேசிய முதல் முழு வாக்கியம் அது. மேஜைமேல் இருந்த மூடிகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டே சொன்னாள். "மூணாவது குவாட்டர்லயே போயிட்டாரு. நம்ம டீம் பின்தங்கி இருக்கும்போதே."

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே நின்றுவிட்டது. டெல்மர்தான் எழுந்து அதை நிமிர்த்தி வைத்தார்.

"என்னம்மா சொல்ற?"

"கையப் புடிச்சிட்டிருந்தேன். பெருசா ஒரு மூச்சு விட்டாரு. அப்பறம் விடல."

"ஏன் என்னைக் கூப்பிடல?" ஜோலீனின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "பத்தடி தள்ளி நின்னேன். முட்டாள் மாதிரி காலி ஐஸ் தட்டை வச்சிக்கிட்டு அந்தத் தடியனுக்குக் கைதட்டிட்டு நின்னேன். நீ கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட வாயெடுத்தேன்டி." மார்லிஸ் ஒரு மூடியை எடுத்து, பார்த்து, வைத்தாள். "கூப்பிட்டா நீ ஓடி வருவ. அவரு உன்னை அசையாதன்னு சொல்லியிருந்தாரு. நீ அசைஞ்சு, அவனுங்க தோத்துட்டா? அந்தப் பொடிப் பசங்ககிட்ட தோத்த நாள்ல செத்தாருன்னு ஊரெல்லாம் பேசும். அதான் நானும் அசையல. எனக்குக் கால் மரத்துப் போச்சு. மூக்கு ஒழுகுச்சு, அதைக்கூடத் துடைக்கல."

ஜோலீன் சட்டையைப் பலகையிலிருந்து எடுத்து மடித்தாள்.

"பைத்தியக்கார வீடுன்னு நானே சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றாள் மார்லிஸ். "என்னை நீ திட்டணும்னா திட்டிக்கோ."

ஜோலீனுக்குக் கோபம் பொங்கியது. அப்பாவோடு இருந்திருக்க வேண்டிய அந்த ஒரு மணி நேரம் தன்னுடையது, அதை அம்மா தன்னிடமிருந்து பிடுங்கிவிட்டாள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அம்மாவின் முதுகு கண்ணுக்குள் வந்தது. ஜன்னல் துடைக்கவும் எழாமல், ஆறிக்கொண்டே வரும் கையைப் பிடித்தபடி, ஒரு டீமை ஜெயிக்க வைக்கத் தனியாக உட்கார்ந்திருந்த முதுகு. அவளால் கத்த முடியவில்லை. அவள் அம்மாவை அவ்வளவு நேசித்தது அந்த நிமிஷம் வரை அவளுக்கே தெரியாது.

டெல்மர் தொண்டையைச் செருமினார். "அப்போ அந்த நாலாவது குவாட்டரைப் பத்தி வெர்னோட அபிப்பிராயம் நமக்குக் கெடைக்காது."

"என்னோடது இருக்கு" என்றாள் மார்லிஸ்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஒரு சொட்டு விடாமப் பார்த்தேன். அவருக்குப் பதிலா ஒருத்தராவது பார்க்கணும்ல." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒரு கஜம். முன்னேற ஒரே ஒரு கஜம் பாக்கி. அந்தக் கோச்சுக்கு அறிவிருந்தா பந்தைக் கையில குடுத்து ஓடச் சொல்லியிருக்க வேணாமா? எதுக்கு உதைக்கச் சொன்னான்?"

டெல்மர் வாய் பிளந்தார். பிறகு மெதுவாக, "காத்து சாதகமா இருந்துச்சு, மார்லிஸ்" என்றார்.

"காத்தாம் காத்து! கொடி அந்தப் பக்கமா அடிச்சுது, நான் பார்த்தேன். இதெல்லாம் ஒரு ஜெயிப்பா? எதிராளி கையில எண்ணெயத் தடவிட்டு வந்தான், நமக்கு விழுந்துச்சு. அடுத்த வாரம் இதே மாதிரி ஆடட்டும், தோலை உரிச்சு அனுப்புவாங்க."

"அதைத்தான் நானும் மெஷின்ல சொன்னேன்."

"பந்தை எறியற அந்த குவாட்டர்பேக் பையனை முதல்ல வெளிய உட்கார வைக்கணும்."

"அதெல்லாம் வேணாம். சின்னப் பையன், கத்துக்குவான்."

"எப்போ கத்துக்குவான்? எனக்குப் பேரன் பொறந்தப்பறமா?"

ஜோலீன் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். அம்மாவை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மார்லிஸ் கையை இழுத்துக்கொள்ளவில்லை. டெல்மரைப் பார்த்தபடி, மறு கையால் மேஜையைத் தட்டித் தட்டி, தற்காப்பு வரிசையில் இடதுபக்கம் ஆளே இல்லாமல் விட்டது யார் தப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.