லாமுக்கு ஒரு கிண்ணம்

அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளே காலேப் செய்த காரியம், ஊரில் இல்லாத பிள்ளையின் கிண்ணத்தை எடுத்துச் சாப்பிட்டதுதான். சாப்பிட உட்கார்ந்தவர்கள் நாலு பேர். மேசையில் கிண்ணம் ஐந்து. அவன் கைக்கு எட்டியதை எடுத்துவிட்டான். மூய் அம்மாளின் மகள் யென் பதறிப்போய்ப் பார்த்தாள். அம்மாள் மட்டும் சிரித்தாள்.

"சாப்பிடு தம்பி, அவன் ஒண்ணும் கோச்சுக்க மாட்டான். நாளைக்கு நீ வந்தா மட்டும் வேற கிண்ணம் எடுத்துக்க. இது லாமோடது."

"லாம் எப்ப வருவாரு பெரியம்மா?"

"வரும்போது வருவான்."

இது 1994 ஜனவரியில், சான் ஹோசேயில், வியட்நாமிலிருந்து வந்த நாங்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. காலேப்புக்கு இருபது வயது. ஐடஹோவில் உருளைக்கிழங்கு போடுகிற குடும்பத்துப் பிள்ளை. அவனுடைய சபை அவனுக்கு இரண்டு மாதம் வியட்நாமிய மொழி கற்றுக் கொடுத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, டால்டன் என்று இன்னொரு பையனைத் துணைக்குச் சேர்த்து, ஆளுக்கொரு சைக்கிளும் கொடுத்து, போய் எங்களைக் கரையேற்றும்படி அனுப்பி வைத்திருந்தது.

நாங்கள் அவர்களைச் சைக்கிள் சாமியார்கள் என்போம். கதவைத் தட்டினால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருப்போம். எங்களில் புத்தர் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, மாதாவைக் கும்பிடுகிறவர்களும் உண்டு. ஏற்கெனவே ஆளுக்கொரு சாமி இருக்கும்போது மூன்றாவதாக ஒன்றை எங்கே கொண்டு வைப்பது? காலேப் பதினெட்டு மாதம் சைக்கிள் மிதித்தும் ஒருவரைக்கூட ஞானஸ்நானத் தொட்டியில் இறக்கவில்லை. ஞாயிறுதோறும் மேலிடத்துக்குப் போன் செய்து இந்த வாரமும் யாரும் இல்லை என்று சொல்வான். சொல்லி முடித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான் என்று டால்டன் பிற்பாடு எங்களிடம் சொன்னான்.

மூய் அம்மாள் அவர்களை உள்ளே விட்டது பக்தியால் அல்ல. அவளுக்கு யாராவது சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஐம்பது வயதுக்காரி. வீட்டிலேயே மிஷின் போட்டுக் கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள். புருஷன் யுத்தத்துக்குப் பிறகு, ஜெயித்தவர்கள் அடைத்து வைத்த முகாமில் செத்துப்போனான். மகள் யென் முதலில் சித்தப்பாவோடு படகேறித் தப்பி வந்துவிட்டாள். மூன்று வருஷம் கழித்து, 1983 ஏப்ரல் பத்தாம் தேதி, பதினாறு வயது லாமை சைகோனில் கடற்கரை ஊருக்குப் போகிற பஸ்ஸில் அம்மாளே ஏற்றிவிட்டாள். அங்கே யாரோ படகு வைத்திருந்தார்கள். படகு எந்த நாளில் புறப்பட்டது, எந்தப் பக்கம் போனது, ஒன்றும் தெரியாது. பிறகு மகள் அனுப்பிய குடியேற்றக் காகிதத்தில் அம்மாள் விமானம் ஏறி வந்தாள். லாமிடமிருந்து பதினோரு வருஷமாகக் கடிதம் இல்லை.

எங்கள் வீடுகளில் சுவரோரமாக ஒரு பூஜை மேடை இருக்கும். செத்துப்போனவர்களின் படம் அங்கே. உயிரோடு இருப்பவர்களின் படம் வேறு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அங்கே மட்டும் கூடாது. மூய் வீட்டு மேடையில் அவளுடைய அப்பா, அம்மா, புருஷன். லாமின் படம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. பஸ் ஏற்றின நாளையே திதியாக வைத்துக்கொண்டு அவனுக்கு ஒரு படையல் போட்டுவிடு என்று சொந்தக்காரர்கள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார்கள்.

"உயிரோட இருக்கிறவனுக்கு எவளாவது திதி குடுப்பாளா?" என்பாள் அம்மாள். "ஆசையா இருந்தா உன் புருஷனுக்குக் குடு, போ."

"அப்ப எதுக்கும்மா தினம் கிண்ணம் வைக்கிறே?" என்று யென் எரிந்து விழுவாள்.

"வந்தா? அவ்வளவு தூரத்துலேருந்து வர்றவனுக்குப் பசிக்காதா?"

யென்னின் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அவள் புருஷனுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்து அவன் முன்னாடியே போய்விட்டான். அம்மாள் நகரமாட்டேன் என்றாள். காணாமல் போனவர்களைத் தேடுகிற அலுவலகத்தில் இந்த விலாசத்தைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாளாம். லாம் இங்கே வந்து தட்டும்போது வேறு எவனாவது கதவைத் திறந்தால் என்ன ஆவது?

காலேப் பிப்ரவரியில் ஒருநாள் தன் சபையின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தான். மலையைக் குடைந்து அறை கட்டி, உலகத்தில் செத்துப்போனவர்களின் பெயர்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். அம்மாள் மிஷினை நிறுத்தினாள்.

"எங்க ஊர் ஆளுங்க பேரும் இருக்கா?"

"எல்லா ஊர் பேரும் இருக்கு பெரியம்மா."

"அப்ப லாம் பேரு இருக்கான்னு பாத்துட்டு வா."

அவன் சபையின் கம்ப்யூட்டரில் தேடினான். இல்லை. மறுநாள் தயங்கித் தயங்கித்தான் வந்து சொன்னான். அம்மாள் அதைக் காதில் வாங்கியது வேறு மாதிரி. செத்தவர்கள் பட்டியலில் இல்லை என்றால் என்ன அர்த்தம்? கையைத் தட்டிச் சிரித்தாள், அண்டை வீடுகளுக்கெல்லாம் ஓடிப்போய்ச் சொன்னாள், அன்றைக்கு இறைச்சிச் சுருள் பொரித்து அந்தப் பையன்கள் இருவரும் மூச்சுத் திணறுகிறவரை போட்டாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு நல்ல சேதி கொண்டுவந்த ஒரே சாமி இதுதான். அதற்குப் பிறகுதான் அவள் பாடம் கேட்க உட்கார்ந்தாள். மார்ச் கடைசிச் சனிக்கிழமை ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று.

"உங்க சாமி பொய் சொல்லலே தம்பி. அது போதும் எனக்கு."

காலேப்புக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தான். அவன் சபையில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் பெயரை அட்டையில் அச்சடித்து, அந்தப் பெயரைச் சொல்லி உயிரோடு இருக்கிற ஒருவர் தண்ணீரில் முழுகி எழுந்தால் இறந்தவரும் சபையில் சேர்ந்துவிட்டார் என்று கணக்கு. மூய் அம்மாளின் அப்பா, அம்மா, புருஷன் மூவருக்கும் அட்டை போடலாம் என்று தொடங்கினான். அதோடு நின்றிருக்கலாம். லாமையும் சேர்த்தால் குடும்பம் முழுசாகிவிடுமே என்று தோன்றிவிட்டது. லாம் உயிரோடு இருப்பான் என்று அவன் ஒருநாளும் நினைக்கவில்லை. யென் நினைக்கவில்லை, நாங்களும்தான் நினைக்கவில்லை. அம்மாளைத் தவிர வேறு யார் நினைத்தார்கள்?

இறந்த தேதி என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அட்டையைக் கொடுக்க மாட்டேன் என்றது. காலேப் கொஞ்ச நேரம் யோசித்தான். பஸ் ஏறின நாளோடு ஒரு வாரத்தைக் கூட்டினான். 1983 ஏப்ரல் 17. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திடீரென்று கொடுத்தால் சந்தோஷப்படுவாள் என்று இருந்துவிட்டான். நல்லது செய்கிற அவசரத்தில் இருப்பவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

வியாழக்கிழமை மத்தியானம் நாலு அட்டைகளையும் அவள் மிஷின் மேல் பரப்பி வைத்தான். எங்கள் பெயர்களை எழுதுவதும் ஆங்கில எழுத்தில்தான், அதனால் அம்மாளுக்குப் படிப்பதில் சிரமமில்லை. அப்பா பெயரைத் தடவிப் பார்த்தாள். அம்மா. புருஷன். நாலாவதற்கு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டாள்.

"இது லாம் பேராச்சே."

"ஆமா பெரியம்மா." சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"பொறந்த தேதி சரிதான். பக்கத்துல இது என்ன?"

மற்ற மூன்று அட்டைகளில் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று அவளே பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மலைக்குள்ள பேரு வந்துடுச்சா?"

காலேப் அந்த அட்டையைத் திருப்பி வாங்கக் கை நீட்டினான்.

"அன்னைக்கு இல்லேன்னியே தம்பி. இப்ப வந்துடுச்சா?" அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். "பத்தாந்தேதி நான் பஸ் ஏத்தினேன். பதினொண்ணு, பன்னெண்டு... ஏழு நாள். ஏழு நாள் கடல்ல குடிக்கத் தண்ணியில்லாம கெடந்திருக்கான் என் புள்ள. அந்த ஏழு நாளும் நான் சந்தையில உக்காந்து கீரை வித்துட்டு இருந்தேனே! சிரிச்சுச் சிரிச்சு வித்தேனே!"

பிறகு அவள் அழுத அழுகை கீழ்வீடு வரை கேட்டது. நாங்கள் படியேறி ஓடினோம். பதினோரு வருஷம் தேக்கி வைத்தது ஒரே மூச்சில் வந்தது. யென் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து அம்மாள் எழுந்து முகம் கழுவினாள், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து லாமின் படத்தைப் பிரித்தெடுத்துச் சட்டை நுனியால் துடைத்தாள், ஸ்டூலில் ஏறி அவன் அப்பாவின் பக்கத்தில் வைத்தாள். மேசையில் இருந்த கிண்ணம் மேடைக்குப் போயிற்று. மூன்று ஊதுபத்தி ஏற்றினாள்.

"லாமு, வாடா. வந்து சாப்பிடு."

காலேப் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். படியிறங்கும்போது யென் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"அந்தத் தேதி நீயா போட்டதுதானே? உன் மூஞ்சியே சொல்லுதே."

அவன் தலையசைத்தான்.

"வாயத் தொறந்துடாத. உன் காலைப் பிடிக்கிறேன். அவங்க அழுது நான் இப்பத்தான் பாக்கறேன். இனிமே ஹூஸ்டனுக்கு வருவாங்க. என் அம்மா எனக்கு வேணும்டா தம்பி."

டால்டனும் அதையேதான் சொன்னான். "ஒரே ஒரு நாள் சும்மா இருடா. சனிக்கிழமை முழுக்கு முடியட்டும். பதினெட்டு மாசம் மிதிச்சிருக்கே."

சும்மா இருந்திருந்தால் அவனுக்கு முதல் ஞானஸ்நானம், யென்னுக்கு அம்மா, அம்மாளுக்கும் ஒருவிதத்தில் நிம்மதி. எல்லாருக்கும் லாபம்தான். ஆனால் தொட்டித் தண்ணீரில் அவளைப் பிடித்து முக்கி எடுக்க வேண்டியவன் அவன். உங்க சாமி பொய் சொல்லலே என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் போய் அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"பெரியம்மா, மலைக்குள்ள லாம் பேரு இல்ல. அந்தத் தேதிய நான்தான் போட்டேன். கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு, அதனால போட்டேன். ஏழு நாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு உயிரோட இருக்காரோ இல்லையோ, எனக்குத் தெரியாது."

தையல் மிஷின் நின்றது. யென் அடுப்பருகில் தலையில் கைவைத்துக்கொண்டாள். அம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான், அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தான்.

"படத்தை எறக்கிடட்டுமா பெரியம்மா?" என்று எழுந்தான்.

"கை வைக்காதே!" அப்படி அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. பிறகு குரல் இறங்கிவிட்டது. "பத்தி ஏத்தி, வாடா சாப்பிடுன்னு கூப்பிட்டுட்டேன். நேத்து ராத்திரியே வந்துட்டான். வந்து உக்காந்தவனைப் போய் எந்திரிடான்னு சொல்லுவேனா? நான் ஒரு தடவ பஸ் ஏத்தி அனுப்பினவ. ரெண்டாந்தடவ அனுப்ப மாட்டேன்."

"அவரு உயிரோட இருந்தா..."

"இருந்தா, அவன் அம்மாவே அவனுக்குப் படையல் போட்டுட்டா. நீ போட வச்சே."

காலேப் அழுதான். வளர்ந்த பையன், விக்கி விக்கி அழுதான். அம்மாள் அவன் தோளைத் தொடவில்லை. திட்டவும் இல்லை. பத்திக் கட்டிலிருந்து மூன்றை உருவி அவனிடம் நீட்டினாள்.

"தேதி குடுத்தவன் நீ. வருஷா வருஷம் ஏப்ரல் பதினேழு, நீ எந்த ஊர்ல இருந்தாலும் அவனுக்கு ஒரு கிண்ணம் சோறு வைக்கணும். இப்ப ஏத்து."

அவன் சபையில் அது கூடாது. பதினெட்டு மாதமாக வீடு வீடாகப் போய்க் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவனும் அவன்தான். டால்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காலேப் பத்தியைப் பற்றவைத்து, அவள் செய்தது போலவே மூன்று முறை தலை தாழ்த்திச் செருகினான். கொஞ்சம் சாம்பல் சோற்றில் விழுந்தது.

"லாம் அண்ணா, சாப்பிட வாங்க," என்றான்.

"போயிட்டு வான்னு சொல்ல மாட்டேன் தம்பி," என்றாள் அம்மாள். "போ. நாளைக்கு நான் அங்க வரல."

சனிக்கிழமை காலையில் டால்டன் சபை மண்டபத்துக்குப் போனபோது தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது நிரம்ப மூன்று மணி நேரம் ஆகும். காலேப் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மூய் அம்மாள் அளவுக்கான வெள்ளை உடுப்பு ஒன்று மடித்துப் பக்கத்தில் இருந்தது.

"யாருக்குடா இதெல்லாம்?" என்றான் டால்டன். "அந்தம்மா வரலேன்னு சொல்லிட்டாங்களே. மூடு குழாயை."

காலேப் கதவைப் பார்த்தபடியே சொன்னான்.

"வந்தா?"