மூட்டையைப் பற்றிய குறிப்பு

அவனுக்கு மூட்டை என்று பெயர் வைத்தது என் கணவர்தான். என் தையல் அறையில் வெட்டுத்துணி மூட்டையின் மேல்தான் உட்காருவான். உட்கார்ந்துவிட்டால் எது மூட்டை, எது நாய் என்று தெரியாது. முரட்டு நாய் என்று பெயரெடுத்த பிட்புல் இனம். தெருவில் அவனைக் கண்டதும் எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களுக்கு என்ன தெரியும், மிக்ஸி சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் ஒளிகிற வீரன் அவன் என்று!

கைவிடப்பட்ட பிட்புல்களை மீட்டு, எங்களைப் போன்றவர்களின் வீடுகளில் விடுவது, ஊரில் எல்லோரும் ‘நாய் டீச்சர்’ என்று கூப்பிடுகிறவரின் வேலை. பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். நிரந்தர வீடு கிடைக்கும்வரை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். யாராவது நாயைப் பார்க்க வந்துபோனால், அன்றே குறிப்பு எழுதித் தர வேண்டும். அந்தக் குறிப்பு கடைசிவரை நாயோடு போகும்.

“வீட்டோட மாப்பிள்ளை, சாப்பாடு ஆச்சா?” என்று தினமும் அவனைச் சீண்டுவார் என் கணவர். ஐந்து மாதம் ஒருவரும் வரவில்லை. ஆறாவது மாதம் ஒரு குடும்பம் வந்தது. பெரிய தோட்டம், பொறுமையான அப்பா அம்மா, ஏழு வயது மகள். மூட்டை நேராகப் போய் அந்தப் பிள்ளையின் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஆறு மாதம் சோறு போட்டவள் நான் அங்கேதான் நின்றேன். வயிறு எரிந்தது.

அவர்கள் போனதும் குறிப்பில் எழுதினேன்: ‘குழந்தைகளைக் கண்டால் உறுமுகிறான்.’

அந்தக் குடும்பம் வேறு நாயை எடுத்துக்கொண்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கொஞ்ச நாள் போனதும் நாமே தத்தெடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அதற்குள் என் தங்கைக்கு எங்கள் ஊரில் வேலை கிடைத்தது. இரண்டு வயது மகனோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வீட்டில் குழந்தை இருப்பது காதில் விழுந்து, மூன்றாம் நாளே நாய் டீச்சர் வந்து நின்றார். அப்போது அந்தப் பொடியன் மூட்டையின் வயிற்றில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

“குழந்தையைத் தூக்குங்கம்மா முதல்ல,” என்றார் டீச்சர்.

“டீச்சர், நான் எழுதினது பொய். அவனை விட மனசு வரல, அதான்...”

“நாயைப் பிரிய முடியாதவங்க எல்லாரும் கடைசியில இதைத்தாம்மா சொல்றாங்க.”

“நீங்களே பாக்குறீங்கல்ல?”

“பாக்குறேன். ஆனா எழுதியிருக்கே. இவன் ஒருத்தன் கடிச்சா, என்கிட்ட இருக்கிற மத்த பதினோரு பிட்புல்லையும் எவன் வீட்டுக்குள்ள சேர்ப்பான்?”

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அதையாவது விடலாம், அவன் தலையிலும் போட்டேனே! குழந்தை இல்லாத வேறு வீடு எதுவும் அமையவில்லை. கடைசியில் காப்பகம்தான். உலாவப் போகிறோம் என்று நினைத்து மூட்டை ஒரே தாவலில் வண்டியில் ஏறினான். என் கணவர் வாசலுக்கு வரவே இல்லை.

ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறேன். கூண்டுக் கதவில் ஒரு மஞ்சள் அட்டை. என் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். போன வாரம் ஒரு சிறுமி அப்பாவோடு வந்து அங்கே நின்றாள். மூட்டை பின்பக்கம் முழுவதும் ஆட வாலை ஆட்டினான். அவள் கையை நீட்டினாள்.

“பாப்பா, கிட்டப் போகாத! எழுதியிருக்கு பாரு!”

“அது பொய்ங்க. நான்தான் எழுதினேன்,” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவள் போய் மறையும்வரை மூட்டை வாலை ஆட்டிக்கொண்டே நின்றான். பிறகு கம்பிக்கிடையே நாக்கை நீட்டி, அந்தக் குறிப்பை எழுதிய என் கையை நக்கினான்.