சனிக்கிழமை சுடும் ஏரி

ஹவுக்கியார்வி ஏரிக்குத் தன் பெயரை வைக்க முடியாத குறையை, அதன் காய்ச்சலுக்கு வைத்துத் தீர்த்துக்கொண்டார் பேராசிரியர் அர்மாஸ் வுவோரினென். 'வுவோரினென் துடிப்பு.' உறைந்த ஏரிக்குள் நீர் திடீர் திடீரென்று சூடேறி அடங்குகிறதாம். பருவநிலை மாற்றத்தில் வடதுருவத்தை ஒட்டிய ஏரிகள் படும் பாடு இதுதான் என்று திங்கட்கிழமை ஔலு நகர மாநாட்டில் அறிவிக்கப்போகிறார். புது டைகூட வாங்கியாயிற்று.

தானே பதிவு செய்யும் வெப்பமானியை நான்கு குளிர்காலமாக நீருக்குள் தொங்கவிட்டு வருபவர் அவரேதான். பனிக்கட்டியில் புதிதாகத் துளை போட முதுகு இடம்கொடுக்கவில்லை. ஆய்வு நிலையத்துச் சவுனா குளியலறைக்கு எதிரே, ஆவியில் வெந்து வருகிறவர்கள் முங்கி எழ ஒரு துளை எப்போதும் திறந்தே கிடந்தது. வெப்பமானிக் கயிற்றை அதன் ஏணியில் கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, சக ஆய்வாளர் ஹில்க்கா காப்பிக் கோப்பையோடு அவருடைய வெப்பநிலை வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

"அர்மாஸ், உன் ஏரி ரொம்ப ஒழுக்கமான ஏரியா இருக்கே."

"ஏன்?"

"வாரம் பூரா சும்மா கிடக்கு. சனிக்கிழமை சாயங்காலமானா மட்டும் துடிக்குது."

"இயற்கைக்குன்னு ஒரு தாளம் உண்டு, ஹில்க்கா."

"தாளம் இருக்கட்டும். கிழமை எப்படித் தெரியுது? உள்ளே காலண்டர் மாட்டி வெச்சிருக்கியா?"

பேராசிரியர் பெருந்தன்மையோடு சிரித்தார். பெரிய கண்டுபிடிப்பு என்றால் முதலில் கேலி வரத்தான் செய்யும்.

மறுநாள் மாலை, ஆவி பறக்கும் உடம்போடு சவுனாவிலிருந்து வெளியே வந்தார். சனிக்கிழமைதோறும் செய்வதுபோல ஒரு வாளி கொதிநீரை ஏணிப் படிகளில் ஊற்றிப் பனியை உருக்கினார். பிறகு கழுத்தளவு இறங்கினார்.

துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்த ஹில்க்கா கேட்டாள்: "பாதத்துக்கு இதமா இருக்கா?"

"ரொம்ப..." என்றவரின் மார்பில் ஒரு கயிறு உரசியது. கயிற்றைப் பார்த்தார். காலி வாளியைப் பார்த்தார்.

"இப்படி எல்லாரும் ஊத்துவாங்கதானே?"

"உனக்கு மட்டும்தான் அவ்வளவு பூப்பாதம். நாங்க அப்படியே குதிச்சிடுவோம்."

"அப்போ அந்தத் துடிப்பு..."

"நீதான். பேரையும் சரியாத்தானே வெச்சிருக்கே!"

உதடு நீலமாகும்வரை அவர் மேலே ஏறவில்லை. "சனிக்கிழமைகளை வெட்டிட்டா என்ன மிஞ்சும்?" என்றார் கடைசியில்.

ஹில்க்காவின் குரலில் இப்போது கேலி இல்லை. "ஒரு சின்னக் கோடு. ஆர்ப்பாட்டம் இல்லாம வருஷா வருஷம் மேல போகுது. பயப்பட வேண்டியது அதுக்குத்தான்."

திங்கட்கிழமை அந்தச் சின்னக் கோட்டைத்தான் காட்டினார், பெயர் எதுவும் வைக்காமல். முன்வரிசையில் ஒருவர் கை தூக்கினார்.

"சனிக்கிழமைகள் மட்டும் ஏன் காணோம்?"

பேராசிரியர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

"நான் குளிச்சேன்."

அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. ஏரி ஆய்வாளர்கள் சிலர் அவசர அவசரமாகத் தங்கள் வரைபடங்களைப் புரட்ட ஆரம்பித்தார்கள்.