பதினெட்டாம் நாள் சிந்தனை

யமுனைக் கரையினின்று எழுந்த மூடுபனி நகரத்தின் புகையோடு கலந்து, வானுக்கும் மண்ணுக்கும் இடையே வெளுத்த கம்பளியொன்றை விரித்தாற்போலப் படர்ந்திருக்க, கதிரவன் எழுந்தும் எழாதவனாய், நெடுநாள் நோயுற்றவன் முகம்போல் ஒளி குன்றி, மாடிகளின் நீர்த்தொட்டிகளுக்கு மேலே தயங்கித் தயங்கி ஏறிக்கொண்டிருந்தான். ஜனக்புரியின் உயர்ந்த தூண்கள்மீது ஓடும் மெட்ரோ வண்டி கண்ணுக்குப் புலனாகாமல் ஒலியாகவே வந்து ஒலியாகவே அகன்றது. குடியிருப்பு வாயிற்காவலர் உடைந்த பெட்டிப் பலகைகளை எரித்துக் குளிர்காய்ந்தனர். இஞ்சி தட்டிப் போட்ட தேநீரின் மணம் பனியினூடே வழி தேடி அலைந்தது. பால் வாங்கச் சென்றோர் கம்பளிப் போர்வைக்குள் கண்கள் மட்டும் தெரிய நடந்தனர். கற்றார்க்கு இனியரே, டிசம்பர்த் திங்கள் பதினெட்டாம் நாளாகிய அவ்விடியலில், அந்நகரின் ஒரு சிறிய அடுக்களையில் நின்று தன் கைப்பேசியைப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் நெஞ்சில் விழுந்த வெட்டினைப் பற்றியதே நான் கூறப்புகும் இக்கதை.

அவள் பெயர் விண்ணரசி. ஐம்பது அகவையினள், லோதி ரோட்டை அடுத்ததொரு பள்ளியில் இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிப்பவள். தில்லி மாநகரெங்கும் சிதறி வாழும் தமிழ்க் கத்தோலிக்கர் முந்நூறு குடும்பத்தார்க்கு அவளை நேரிற் கண்டிராவிடினும் அவளது எழுத்தினைத் தெரியும். கிறித்து பிறப்புக்கு முந்திய நான்கு வாரமாகிய திருவருகைக்காலம் தொடங்கிய நாள்முதல் கிறித்து பிறப்புக் காலம் நிறைவுறும் அளவும், அன்றன்று கோயிலில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதிக்கு ஒரு சிறு சிந்தனை எழுதி, விடியற்பொழுதில் அனைவர்தம் கைப்பேசிக் குழுவிலும் இடுவது அம்மக்களிடையே ஆறாண்டு வழக்கமாயிருந்தது. எழுதுவோர் இருவரே. ஒற்றைப்படை நாள்கள் விண்ணரசியுடையன. இரட்டைப்படை நாள்கள், வங்கியில் மேலாளராயிருந்து ஓய்வுபெற்றவரும், தமிழ்த் திருப்பலிக் குழுவின் தலைவருமாகிய அருளப்பனுடையன.

அருளப்பன் அவளுக்கு உடன்பிறவா அண்ணன். அவளுடைய கணவன் சூசைமாணிக்கம் நடுவணரசு அலுவலகமொன்றில் எழுத்தராயிருந்த காலந்தொட்டே இரு குடும்பங்களும் ஒன்றுபோல் வாழ்ந்தன. பெருந்தொற்று அந்நகரைச் சூறையாடிய சித்திரைத் திங்களில், சூசைமாணிக்கம் மூச்சுக்குத் திணறிக் கிடந்தபோது, உயிர்வளி உருளை ஒன்றிற்காக இரண்டு பகல் வரிசையில் நின்று, மூன்றாம் நாள் நண்பகலில் அதனைத் தம் தோளிலேயே சுமந்து மாடிப்படி ஏறிவந்தவர் அருளப்பனே. அவர் வந்து சேர்ந்தபோது அதற்குத் தேவை இல்லாதொழிந்திருந்தது. உருளையைச் சுமந்த அதே தோளில் மறுநாள் நண்பனின் பேழையையும் சுமந்தார். அவ்வுருளை வருமளவும் மண்டியிட்ட விண்ணரசியின் முழந்தாள் எழவில்லை. எழுந்தபின் மீண்டும் மண்டியிடவும் இல்லை.

இதனை எவரும் அறியார். ஞாயிறுதோறும் அவள் கோயிலுக்குச் சென்றாள். எல்லாருடைய உதடுகளும் அசைந்தபோது அவளுடைய உதடுகளும் அசைந்தன. உள்ளமோ, பூட்டிய வீட்டின் முன் நின்று மீளும் விருந்தினன்போல் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு மீண்டது. எனினும் திருவருகைக்காலம் வரும்போது பேனாவை எடுத்தாள். வேண்டுதல் வற்றிய இடத்திலும் சொல் ஊறியது. மற்றெவர் எழுதியதையும்விட அவள் எழுதியதே மக்கள் உள்ளத்தை உருக்கியது என்பது அவளுக்கே விளங்காத புதிர். நம்பாமல் எழுதுவது பொய்யாகுமோ என்னும் அச்சம் நான்காண்டுகளாய் அவளை அரித்தது.

இறந்த நம்பிக்கையாளர் நினைவுநாளாகிய நவம்பர் இரண்டாம் நாள், கல்லறைத் தோட்டத்தில் கணவனது கல்லறைக்குப் பூச்சார்த்திவிட்டு அருகிலிருந்த கல்லிருக்கையில் அருளப்பனோடு அமர்ந்திருந்தபோது, அவள் அதனை அவரிடம் கூறினாள். கூறக் கருதிக் கூறவில்லை. நிறைந்த குடம் தளும்பியதுபோல் அது தானே வெளிப்பட்டது. அவர் இடைமறியாது கேட்டார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. எழும்போது, அது தம்மோடு இருக்கும் என்று மட்டும் சொன்னார். அன்றிரவு அவள் நெடுங்காலத்திற்குப் பின் நன்கு உறங்கினாள்.

அதன்பின் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. கிறித்து பிறப்பு நாளாகிய இருபத்தைந்தாம் நாளுக்குரிய சிந்தனையை, ஒற்றைப்படை நாளாயினும், மூத்தவர் என்னும் முறையால் ஆண்டுதோறும் அருளப்பனே எழுதிவந்தார். புதிதாய் வந்திருந்த பங்குத்தந்தை அவ்வழக்கம் அறியாராய், முறைப்படி அந்நாள் விண்ணரசியுடையதே என்றும், அவளது எழுத்தை அன்று திருப்பலியின் முடிவில் அனைவர் முன்னும் வாசிக்க வேண்டும் என்றும் கூறினார். அருளப்பன் புன்னகையோடு தலையசைத்தார். விண்ணரசி மறுத்துப் பார்த்தாள். அவரே அவளை வற்புறுத்தி இசைய வைத்தார்.

பதினேழாம் நாள், தாவீதின் வழிவந்த கிறித்துவின் மூதாதையர் பட்டியலுக்கு அவள் எழுதிய சிந்தனையைப் பலரும் பாராட்டினர். பதினெட்டாம் நாள் அருளப்பனுடையது. அன்றைய நற்செய்தி யோசேப்பினைப் பற்றியது: மணம் பேசிய பெண் கருவுற்றிருப்பதறிந்தும், நேர்மையாளராகையால் அவளை ஊரார் இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பாது, எவரும் அறியாமல் விலகிவிட எண்ணிய அம்மனிதரைப் பற்றியது. அருளப்பன் யோசேப்பின் மேன்மையை அழகாகவே விரித்திருந்தார். பின்னர் எழுதியிருந்தார்: நம்மிடையே ஒரு சகோதரி உண்டு; கணவனைப் பறிகொடுத்த நாள்முதல் அவளுடைய உதடு மட்டுமே ஆண்டவனை வாழ்த்துகிறது, உள்ளம் மண்டியிட மறுக்கிறது; நமக்கு இறைமொழியை எடுத்துரைக்கும் கையே நம்பிக்கையின்றி எழுதுமாயின், அவளை இகழாது அவளுக்காக மன்றாடுவோம்.

பெயர் இல்லை. ஆனால் எழுதுவோர் இருவர். அவருள் பெண் ஒருத்தி. முந்நூறு குடும்பங்களும் காலைத் தேநீரோடு அவளது நெஞ்சினைப் பிரித்துப் படித்தன.

அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்தது. அவள் அதனைக் காணவில்லை. நம்பிய தோளே கல்லாகித் தன்மேல் சரிந்தாற்போல நின்றாள். கைப்பேசியிலோ, கூப்பிய கைகளின் சிறுபடங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அக்குறிப்பின் கீழ் வந்து குவிந்தவண்ணம் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் கதவிடுக்கில் தோன்றும் கண்ணாக அவளுக்குப் பட்டது.

அவளுடைய மகள் ஸ்நேகா கல்லூரியில் இரண்டாமாண்டு படிப்பவள். தில்லியிற் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கமாட்டாள். தாய் ஆண்டுதோறும் எழுதியவற்றுள் ஒன்றையும் அவள் படித்ததில்லை. ஆதலால் அவள் அச்செய்தியைத் குழுவிலுள்ள தன் தோழியின் தாய் தொலைபேசியிற் சொல்லியே அறிந்தாள். அடுக்களை வாயிலில் வந்து நின்றாள்.

“சுஷ்மா ஆன்ட்டி போன் பண்ணாங்கம்மா. நீங்க ப்ரே பண்றதே இல்லையாம். ஸச் ஹை க்யா? நிஜமா?”

விண்ணரசி ஆமென்று தலையசைத்தாள்.

“அங்கிள்கிட்ட சொல்லியிருக்கீங்க. என்கிட்ட சொல்லல.”

குரலில் சினமில்லை, அதுவே தாயைச் சுட்டது. தன்னை ஒருவர் காட்டிக்கொடுத்த அதே வேளையில், தானும் ஒருத்திக்கு அத்தகைய துன்பம் செய்திருப்பதை அவள் கண்டாள். மகள் உணவுப் பெட்டியை மேசைமேலேயே விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

பள்ளி முடிந்து திரும்பிய மாலையில், இரண்டு தெரு தள்ளியிருந்த அருளப்பன் வீட்டுக்கு விண்ணரசி சென்றாள். முன்னறையில் அவர் பேரப்பிள்ளைகளுக்காகக் கிறித்து பிறப்புக் குடில் அமைத்துக்கொண்டிருந்தார். வைக்கோல் அவரது கம்பளிச்சட்டையில் ஒட்டியிருந்தது. அமரச் சொன்னார். அவள் அமரவில்லை.

“காலையில நீங்க எழுதினதைப் படிச்சேன் அண்ணே.”

“பேரு போடலையே தங்கச்சி. முந்நூறு குடும்பம் உனக்காக ஜெபிக்குது. அதுல என்ன தப்பு?”

“நான் ஜெபம் கேட்டு உங்ககிட்ட வரலை. காது கொடுத்துக் கேக்க ஒரு மனுஷன் வேணும்னுதான் வந்தேன்.”

அவர் கையிலிருந்த மண்பொம்மையை இப்படியும் அப்படியும் திருப்பினார். தாம் அன்பினால் எழுதியதாகவும், இரவெல்லாம் அவளுக்காக மனம் வருந்தியதாகவும், மறைத்து வைத்த புண் ஆறாதென்றும் நீளக் கூறினார். கூறியவற்றைத் தாமே நம்பவும் செய்தார். தன்னலம் பக்தியின் ஆடையை உடுத்திவரும்போது, முதலில் ஏமாறுபவன் அதனை உடுத்தியவனே அன்றோ! அவள் வாயிற்பக்கம் திரும்பவே, உள்ளே கிடந்தது அவரையும் மீறி வெளியே நழுவியது.

“அதுவுமில்லாம, இருபத்தஞ்சாம் தேதி எல்லார் முன்னாடியும் வாசிக்கப் போறாங்க. அதை எழுதறவங்களுக்கு விசுவாசம் இருக்கணும்ல?”

சொல்லியபின் அவரே திடுக்கிட்டார். குடிலின் சிறுவிளக்குகள் அணைந்தணைந்து எரிந்தன. விண்ணரசி அவர் முகத்தை நெடுநேரம் நோக்கினாள். அம்முகத்தில் பகைமை தேடினாள், இல்லை. பிறந்தநாள் பரிசு தம்பிக்குப் போய்விட்டதென்று வெதும்பும் மூத்தபிள்ளையொருவனின் முகமே அங்கிருந்தது. இத்துணைச் சிறியதொன்றிற்காகவா என்னும் எண்ணமே அவளை முழுவதும் நொறுக்கியது. சூசைமாணிக்கத்தைச் சுமந்த தோளை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

மறுநாளைய சிந்தனை அவளுடையது. எழுதாது விட்டிருப்பின் எவரும் குறை கூறியிரார். ஆயினும் விளக்கேற்றும் வேளையில் அமர்ந்து எழுதினாள். பத்தொன்பதாம் நாளின் நற்செய்தி குரு செக்கரியாவைப் பற்றியது. தூபமிடும் வேளையில் வானவர் உரைத்த நற்செய்தியை நம்பாமையால் கோயிலுக்குள்ளேயே நாவடைத்துப்போன முதியவர் அவர். விண்ணரசி அதில் இதுவரை தான் கண்டிராத ஒன்றைக் கண்டாள். நாவடைத்த அன்றே செக்கரியா வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. தம் திருப்பணியின் நாள்கள் நிறைவுறும் மட்டும் அக்கோயிலிலேயே, பேச்சற்றவராய்ப் பணிசெய்து, அதன்பின்னரே வீடு சென்றார். நம்பாதவரை வானவர் ஊமையாக்கினார், வெளியேற்றவில்லை. “நேற்று இங்கே எழுதப்பட்ட பெண் நான்தான்,” என்று அவள் எழுதினாள். “அது உண்மை. நான் எப்போது மீண்டும் பேசுவேன் என்று எனக்குத் தெரியாது. என் நாள்கள் நிறைவுறும் மட்டும் தூபம் இட்டுக்கொண்டிருக்கிறேன்.” வேறொருவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அன்று காலை கூப்பிய கைகள் வரவில்லை. குழுவில் நண்பகல் வரையில் பேச்சே எழவில்லை. பின்னர், மந்திர் மார்க் பக்கத்தில் வாழும் ஒரு முதிய செவிலி மட்டும், தனக்கும் பதினோராண்டுகளாய் அப்படித்தான் என்று அவளுக்குத் தனியே எழுதினாள். மாலையிற் பங்குத்தந்தை தொலைபேசியில் அழைத்தார். இளைஞர், நல்லவர், சொல்லுக்குச் சொல் தயங்கினார். சில குடும்பத்தார் வருந்துகின்றனர் என்றும், அவள் சிறிதுகாலம் ஓய்வுகொள்வது நலம் என்றும், எஞ்சிய நாள்களையும் பிறப்பு நாளையும் அருளப்பனே எழுத இசைந்துள்ளார் என்றும் கூறினார். அவள் நன்றி சொல்லிக் கைப்பேசியை வைத்தாள். ஆறாண்டுகள் பொங்கிய ஊற்று ஒரு தொலைபேசி உரையாடலில் மூடப்பட்டது.

ஸ்நேகா அதனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் பேசாதிருந்தவள், தாயின் போர்வையின் ஒரு முனையைத் தன் காலுக்கு இழுத்துக்கொண்டு அருகே அமர்ந்தாள். தாய் கடைசியாக எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள். விண்ணரசி வாசித்தாள். புரியாத சொற்களுக்கு இடையிடையே பொருள் சொன்னாள். முடிந்தபின் மகள் சொன்னாள்.

“அப்பாவுக்காக அன்னிக்கு நானும் கேட்டேன்மா, பாத்ரூமுக்குள்ள உக்காந்து. எனக்கும் கிடைக்கல. உங்ககிட்ட சொன்னா நீங்க கஷ்டப்படுவீங்கன்னு நான் சொல்லவே இல்ல.”

நான்காண்டுகளாய் ஒரே கூரையின்கீழ், ஒரே துயரத்தை, ஒருவர்க்கொருவர் மறைத்து, ஒருவரையொருவர் காப்பதாய் எண்ணி வாழ்ந்த அவ்விருவரும் அன்று அழுதனர். அழுது முடித்து, மிளகுநீர் வைத்துச் சோறு உண்டனர். நெடுநாளைக்குப் பின் அவ்வீட்டில் சூசைமாணிக்கத்தின் பெயர் பலமுறை ஒலித்தது.

கிறித்து பிறப்பு நாள் காலைத் திருப்பலிக்குத் தாயும் மகளும் சென்றனர். செல்ல வேண்டாம் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். விண்ணரசி நீலப் பட்டினை உடுத்திக்கொண்டு புறப்பட்டாள். நடுவரிசையில் அமர்ந்தனர். சிலர் புன்னகைத்தனர், சிலர் பரிவோடு பார்த்தனர், பரிவே அவளுக்குக் கடினமாயிருந்தது. ஒருவர்க்கொருவர் அமைதி வாழ்த்துக் கூறும் வேளை வந்தது. முன்வரிசையிலிருந்த அருளப்பன் திரும்பினார். கைகூப்பினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. “தங்கச்சி” என்று உதடு அசைந்தது. அக்கலக்கம் பொய்யன்று என்பதை விண்ணரசி அறிந்தாள். அவளும் கைகூப்பினாள். “சமாதானம்,” என்றாள். இருபதாண்டுகளாய் அவரைக் காணுந்தோறும் தானே நாவிலெழுந்த உறவுச்சொல் எழுமென்று ஒரு நொடி காத்தாள், அது எழவில்லை. அவரும் அதற்காகவே காத்திருந்ததுபோல் சற்றே நின்று, பின் மெல்லத் திரும்பிக்கொண்டார். திருப்பலியின் முடிவில் அவர் எழுந்து சென்று தம் சிந்தனையை வாசித்தார். நல்ல தமிழ், நல்ல கருத்து, எல்லாரும் செவிமடுத்தனர்.

பிழைகளுள் பெரும்பாலானவற்றை மனிதர் மன்னிக்கவே செய்கின்றனர். விண்ணரசியும் ஒருநாள் மன்னிக்கக்கூடும். மன்னிப்பு உள்ளத்தின் வேலை. அதனை முயன்றால் முடிக்கலாம். ஆனால் நம்பிச் சொன்ன ஒன்றைச் சந்தையில் விரித்தபின், கேட்டவனும் சொன்னவளும் முன்போல் ஒரு கல்லறையருகே ஒன்றும் பேசாது அமர்ந்திருப்பது எவர் முயன்றும் கைகூடுவதன்று. அந்த இருக்கை இனி வெறுமையாகவே இருக்கும். வெயிலும் பனியும் அதன்மேல் மாறி மாறி விழும்.