யார் குடித்தால் யாருக்கு

மார்ச் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தில், மூன்றாம் மாடித் தையல்காரர் தொண்டை வலிக்கு உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். முதல் மாடியில் குடியிருந்த லாரி ஓட்டுநரின் தொண்டை சரியானது. தையல்காரருக்கு வலி அப்படியே இருந்தது. அதே வாரத்தில், தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர் பல்வலிக்குக் கிராம்பு கடிக்க, இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை வீங்கிய கன்னம் வடிந்து எழுந்தார். மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் ஒருவரையொருவர் விசாரித்து, கைவைத்தியம் பலிக்கத்தான் செய்கிறது, ஆள் மாறிப் பலிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். "தபால்கூடத்தான் அடுத்த வீட்டுக்குப் போகுது, அதுக்காக தபாலே பொய்னு சொல்லிட முடியுமா?" என்றார் தையல்காரர்.

எல்லாமே பலித்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். சளிக்குப் பூண்டை நசுக்கிக் காலுறைக்குள் போட்டுக்கொண்டு படுத்தவர்கள் இருந்தார்கள். அதனால் அந்தக் கட்டடத்திலோ பக்கத்துக் கட்டடத்திலோ யாருக்கும் எந்த நன்மையும் விளையவில்லை, நாற்றத்தைத் தவிர. தெருமுனை டாக்டர் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உப்புத் தண்ணி யார் கொப்பளிச்சாலும் கெடுதல் இல்ல. பூண்டைக் குழம்புல போடுங்க. காய்ச்சல் விடலைன்னா இங்க வந்துடுங்க" என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஆள் மாறிப் பலிக்கும் இந்தச் சங்கதியை எல்லோரையும்விடக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் நான்காம் மாடியில் இருந்த பெண் அறிவிப்பாளர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஊருக்குச் சொல்லி வந்தவர். பிப்ரவரியில் வேலைநிறுத்தம் நடந்த நாளன்று, வராத வண்டிகளை விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அறிவித்தார். மறுநாள் வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல்வளையில் ஒரு குறையும் இல்லை, வரும்போது வரும் என்றார்கள். நிலைய மேலாளர் மார்ச் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டு, பதிவு செய்த குரல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார். தேன் போன்ற குரல்தான். ஆனால் வழியில் பழுதாகி நிற்கிற வண்டியையும் அது வந்துவிட்டதாகச் சொன்னது; சனம் மூட்டை முடிச்சோடு காலி மேடைக்கு ஓடியது. அந்த ஓட்டத்தை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த அறிவிப்பாளர், வேலையை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

இஞ்சிச் சாறும் தேனும் கலந்து ஒரு மாதமாக அவரே குடித்துக்கொண்டிருந்தார். அதன் பலன் கீழே காவலாளிக்குப் போயிருந்தது என்பது இப்போதுதான் விளங்கியது; அவருடைய கரகரப்பு போய், பாடவே ஆரம்பித்திருந்தார், அது வேறு தொல்லை. ஆக, தனக்காகக் குடிக்க வேண்டிய ஆள் வேறொருவர். அறிவிப்பாளர் தினமும் காலையில் சாறு பிழிந்து, ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்று கதவைத் தட்டினார். தையல்காரர் முகம் சுளிக்காமல் குடித்தார். கணக்கு ஆசிரியை இன்னும் கொஞ்சம் தேன் கேட்டார். ஒவ்வொருவர் குடித்து முடித்ததும் "பயணிகள் கவனிக்கவும்" என்று சொல்லிப் பார்ப்பார். காற்று வரும். டம்ளரைக் கழுவிவிட்டு அடுத்த வீட்டுக்குத் தயாராவார். மாதக் கடைசியில் கட்டடத்தில் ஒரே ஒரு கதவு மிச்சமிருந்தது. அது அவருடைய வீட்டுக்கு நேர் எதிர்க்கதவு. நாத்தனார் வீடு.

நாத்தனார் அவரோடு பேசி வருஷக்கணக்காகியிருந்தது. நாத்தனார் மகளின் கல்யாணத்தில், நாலு வார்த்தை வாழ்த்திப் பேசச் சொல்லி அறிவிப்பாளர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். மைக் கைக்கு வந்ததும் வேலைப் பழக்கத்தில், மாப்பிள்ளை வீட்டார் வரும் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவிப்பாளர் அறிவித்துவிட்டார். மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து எதிர்க்கதவு மூடியது. நடுவில் அகப்பட்ட அறிவிப்பாளரின் புருஷன், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டார்.

டம்ளரோடு நின்ற அறிவிப்பாளரைப் பார்த்து நாத்தனார் கதவைச் சாத்தினார். மறுநாளும் நின்றார். சிலேட்டில் "குடிங்க அண்ணி" என்று எழுதிப் பிடித்தார்.

"எனக்கு இஞ்சின்னாலே குமட்டும். உன் குரல் போனதுல இருந்துதான் வீடு வீடா இருக்கு, போ."

அதற்கடுத்த நாளும் நின்றார். மன்னிப்பு எழுதவில்லை, எழுதினால் பொய்யாகியிருக்கும். நாத்தனார் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார், கல்யாணத்திலிருந்து தொடங்கி, பால்கனியில் காயும் துணி சொட்டுவது வரை. எதிரில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்ற அந்த டம்ளரைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சல் ஏறியது.

"ஏம்மா, இத்தனை கேக்கறேன், ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லேன்! செவுத்துக்கிட்ட எவ்வளவு நேரம் சண்டை போடுறது? கொடு அதை இங்க!"

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். குமட்டியது, சுவரைப் பிடித்துக்கொண்டு சமாளித்தார்.

"வண்டி தாமதமா வந்தது உண்மைதானே, அண்ணி?" என்றார் அறிவிப்பாளர். நான்கு மாடிக்கும் கேட்டது.

"உண்மைன்னா? உண்மையை மைக்லயா சொல்லுவாங்க?"

சண்டை மதியம்வரை நடந்தது. இடையில் நாத்தனார் உள்ளே போய் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஏப்ரல் முதல் தேதி அறிவிப்பாளர் வேலைக்குத் திரும்பினார். வடக்கே போகும் வண்டி அரை மணி தாமதமாக வரும் என்று அறிவித்தார். அரை மணி தாமதமாக வந்தது. நாத்தனார் தினமும் காலையில் இஞ்சிச் சாறு குடிக்கிறார். இருவருக்கும் முட்டிக்கொள்ளும் நாட்களில் குடிப்பதில்லை. அன்றைக்குப் பேருந்து நிலையத்தில் பத்து மணிக்கெல்லாம் குரல் கம்மிவிடும்; பயணிகள் ஒலிபெருக்கிக்குக் கொஞ்சம் கிட்டே வந்து நின்று கேட்டுக்கொள்கிறார்கள்.